பழைய கார்புரேட்டர் காரின் த்ராட்டில் பொசிஷன் சென்சார்: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடித்துச் சரிசெய்யும் முறை

கார்புரேட்டர் வண்டியில் எலெக்ட்ரானிக் சென்சாருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் புகை விதிகள் இறுகியபோது, 1981 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களுக்கு 'கம்ப்யூட்டர் கமாண்ட் கன்ட்ரோல்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கார்புரேட்டர் கார்புரேட்டராகவே இருந்தது. ஆனால் உள்ளே பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ராடுகளை ஒரு சோலினாய்டு (மின்காந்தம்) நொடிக்கு 10 முறை கீழே இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் கீழே பிடிப்பது என்பதை இ.சி.எம். என்ற கணினி தீர்மானிக்கும். ஆக்ஸிலேட்டரை ஓட்டுபவர் எவ்வளவு மிதித்திருக்கிறார் என்று அந்தக் கணினிக்குச் சொல்வதுதான் த்ராட்டில் பொசிஷன் சென்சார், சுருக்கமாக டி.பி.எஸ்.

இங்கே வரும் விவரங்கள் பெரும்பாலும் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் இ4எம்இ, இ4எம்சி, இரட்டைக் குழல் இ2எம்இ ஆகிய கார்புரேட்டர்களுக்கானவை. இவற்றில் டி.பி.எஸ். வெளியே தெரியாது, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக்குள்ளேயே ஒரு குழியில் ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருக்கும். மேல்மூடி வழியாக ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டர் பம்பை அழுத்தும் அதே லீவர்தான் இந்தத் தண்டையும் அழுத்துகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும். வெளியே திருகிவைத்த சுழல் வகைச் சென்சாருக்கான குறிப்பு கடைசியில் இருக்கிறது.

இன்னொன்று. டி.பி.எஸ். த்ராட்டிலின் (பெடல் திறந்து மூடும் காற்றுத் தகட்டின்) நிலையை எடுத்துச் சொல்வது மட்டும்தான், அதை மாற்றுவதில்லை. ஐட்லிங் வேகம், சோக், ஃப்ளோட் மட்டம், டைமிங், வேக்யூம் குழாய்கள் எல்லாம் ஒழுங்கான பிறகு கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம் இது. முதலில் டி.பி.எஸ்.ஸைத் திருகிவிட்டு அப்புறம் ஐடில் ஸ்க்ரூவைத் தொட்டால், த்ராட்டில் ஓய்வெடுக்கும் இடமே மாறி, செய்த வேலை வீணாகும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

உள்தடை 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இந்த வயர்களில் வைக்கக் கூடாது. அது இழுக்கும் கரன்டை இ.சி.எம். சுற்று தாங்காது. வயரின் தோலை ஊசியால் குத்தவும் வேண்டாம், குத்திய ஓட்டை வழியாக ஈரம் இறங்கி ஒரு வருடத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும். கனெக்டரை மாட்டியபடியே வைத்து, பின்பக்கத்தில் வயரை ஒட்டி மெல்லிய குண்டூசியை நுழைத்து அளக்கலாம்.

கனெக்டரில் மூன்று வயர். சாம்பல் நிறம் இ.சி.எம். அனுப்பும் 5 வோல்ட். கரு நீலம் சிக்னல். கறுப்பு சென்சாருக்கென்று தனியாக வரும் எர்த். வயரிங்கில் யாராவது ஏற்கெனவே கை வைத்திருந்தால் நிறத்தை நம்ப வேண்டாம். முனைகளின் வரிசையைப் பாருங்கள்: நடுமுனை பி சிக்னல், கீழ்முனை சி எர்த், மீதமுள்ள ஏ 5 வோல்ட்.

சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் அளக்க வேண்டியவை இவை.

ஏ-க்கும் சி-க்கும் இடையே 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் டி.பி.எஸ். கனெக்டரைக் கழற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவென்றால் வேக்யூம் அல்லது மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரையும் கழற்றிப் பாருங்கள். 5 வோல்ட் லைனைச் சென்சார்கள் பங்கிட்டுக்கொள்ளும் வண்டிகளில் ஒன்று ஷார்ட்டானால் எல்லாமே படுத்துவிடும்.

சி முனைக்கும் பேட்டரியின் நெகடிவுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தில் துரு அல்லது தளர்வு. இதைச் சரிசெய்யாமல் டி.பி.எஸ்.ஸை அட்ஜஸ்ட் செய்தால், எர்த்தில் இருக்கும் பிசகுக்கு ஏற்ப சென்சாரைத் தவறாக வைத்ததாக ஆகும். பிறகு எர்த்தைச் சுத்தம் செய்த அன்று அளவு மறுபடி தப்பும்.

கடைசியாக, பி-க்கும் சி-க்கும் இடையே உள்ள சிக்னல். த்ராட்டில் முழுதாக மூடியிருக்கும்போது அநேகமாக 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். துல்லியமான எண் இன்ஜினுக்கும் கார்புரேட்டர் எண்ணுக்கும் ஏற்ப மாறும், 0.4-க்குக் கீழே கேட்கும் வண்டிகளும் உண்டு, 0.5-க்கு மேல் கேட்பவையும் உண்டு. கார்புரேட்டரின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் எண்ணை எடுத்து, அந்த வருடத்துச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். முழுதாக மிதித்தால் 4 வோல்ட்டைத் தாண்டி 4.5-ஐ நெருங்க வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெடலை ஒரு தடவை மிதித்தால் சோக் மூடிக்கொள்ளும், ஃபாஸ்ட் ஐடில் கேம் (குளிர்ந்த இன்ஜினின் ஐட்லிங்கை உயர்த்தும் படித் தகடு) ஸ்க்ரூவுக்கு அடியில் வந்து உட்காரும். அந்த நிலையில் த்ராட்டில் மூடியிருப்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் கொஞ்சம் திறந்திருக்கும், மீட்டரும் அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து அட்ஜஸ்ட் செய்துவிட்டால், இன்ஜின் சூடானதும் சிக்னல் கீழே போய்விடும். சோக் தகட்டைக் கையால் முழுதாகத் திறந்து பிடித்து, த்ராட்டிலை ஒரு முறை தட்டி, கேம் கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அளவை நம்புங்கள். ஏ.சி. ஸ்விட்சும் ஆஃபில் இருக்கட்டும். ஏ.சி. போட்டால் ஐடிலைத் தூக்கும் சோலினாய்டு உள்ள வண்டிகளில் அதுவும் த்ராட்டிலைத் தள்ளிவைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. த்ராட்டிலைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலேட்டர் பம்பும் வேலை செய்து மேனிஃபோல்டுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை ஆட்டினால் இன்ஜின் ஃப்ளட் ஆகும், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் கழுவிப் போகும். மெதுவாக இரண்டு மூன்று தடவை போதும். பக்கத்தில் தீ அணைப்பான் இருக்கட்டும்.

இன்ஜின் செக் லைட் எரிகிறது, கோடு (code, கணினி லைட்டை மின்னிக் காட்டும் எண்) 21

டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள 12 முனைக் கனெக்டரில் ஏ, பி முனைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். லைட் முதலில் கோடு 12-ஐ மூன்று முறை மின்னும்: ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரண்டு மின்னல். இன்ஜின் ஓடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, கோளாறு இல்லை. அடுத்து, பதிவான கோடுகள் ஒவ்வொன்றும் மும்மூன்று முறை வரும்.

21 என்றால் சிக்னல் வோல்ட்டேஜ் அதிகம். ஐட்லிங்கில் இருக்க வேண்டிய நேரத்தில், பெடல் நன்றாக மிதிபட்டிருக்கிறது என்று சென்சார் சொல்கிறது. கனெக்டரைக் கழற்றுங்கள். கழற்றியதும் இ.சி.எம். பக்கத்துச் சிக்னல் வயரில் பூஜ்யத்தை ஒட்டிய வோல்ட்டேஜ் வர வேண்டும். வந்தால் வயரிங் சுத்தம். கோளாறு சென்சாரில், அல்லது அதன் எர்த்தில், அல்லது சிக்கிக்கொண்ட தண்டில். கழற்றிய பிறகும் வோல்ட்டேஜ் நிற்கிறது என்றால் நீல வயர் எங்கோ சாம்பல் வயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே வயர்க்கட்டு உருகிய இடத்தைத் தேடுங்கள்.

எர்த் அறுந்தால் ஏன் சிக்னல் ஏறுகிறது? உள்ளே இருப்பது ஒரு நீளமான ரெசிஸ்டர் பட்டை, அதன்மேல் வழுக்கும் ஒரு தொடுமுனை. பட்டையின் ஒரு தலையில் 5 வோல்ட், மறு தலையில் எர்த். எர்த் போய்விட்டால் பட்டை முழுவதும் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். தொடுமுனை எங்கே நின்றாலும் அதே எண்தான். ஆகவே மீட்டர் அசையாமல் 5-ஐக் காட்டினால் புதுச் சென்சார் வாங்குவதற்கு முன் கறுப்பு வயரைப் பாருங்கள்.

கோடு 22

எல்லா வருட மாடல்களிலும் இந்தக் கோடு கிடையாது. இருக்கும் வண்டியில், சிக்னல் மிகக் குறைவு என்று பொருள். 5 வோல்ட் வயர் அறுந்தாலோ, சிக்னல் வயர் பாடியில் உரசி எர்த்தானாலோ, கனெக்டர் முனை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தாலோ வரும். கனெக்டரைக் கழற்றி, இ.சி.எம். பக்கத்தில் ஏ-யையும் பி-யையும் ஒரு வயரால் கணநேரம் இணையுங்கள். சிக்னல் 5 வோல்ட்டுக்கு எகிறினால் வயரிங்கும் இ.சி.எம்.மும் நலம், குற்றவாளி சென்சார்தான். கார்புரேட்டரை இப்போதுதான் ஓவர்ஹால் செய்தார்கள், உடனே 22 வருகிறது என்றால், சென்சாருக்கு அடியில் போட வேண்டிய ஸ்பிரிங் மேசையிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள்.

பெடலைத் தொட்டதும் இன்ஜின் மூச்சுத் திணறுகிறது

இந்த அறிகுறிக்கு டி.பி.எஸ்.ஸைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் தப்பு ஆக்ஸிலேட்டர் பம்பின்மேல் இருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, சோக்கைத் திறந்து பிடித்து, த்ராட்டிலை ஒரு முறை சட்டென்று திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். இரண்டு குழல்களிலும் பெட்ரோல் தாரையாக உடனே பாய வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டாக வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ பம்ப் கப் சுருங்கிவிட்டது, அல்லது வழி அடைத்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் கப்பை வீங்கவோ இறுகவோ வைத்துவிடும்.

தாரை நன்றாக இருந்தால் அடுத்து மீட்டர். முள் வைத்த பழைய அனலாக் மீட்டரின் அருமை இங்கேதான் தெரியும். உள்தடை அதிகமுள்ள அனலாக் மீட்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் திரை நொடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றும், நடுவில் வரும் துடிப்பை விழுங்கிவிடும். த்ராட்டிலை நூல் பிடித்ததுபோல் மெதுவாகத் திறக்கும்போது முள் சீராக ஏற வேண்டும். 0.5-லிருந்து 1 வோல்ட்டுக்குள் எங்காவது முள் கீழே விழுந்து எழுந்தால் பட்டை அங்கே தேய்ந்திருக்கிறது. வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை ஐட்லிங்கிலும் லேசாக மிதித்த நிலையிலுமே கழிக்கிறது. பட்டை தேய்வதும் அந்த இடத்தில்தான். இதை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் குணமாக்காது. தேய்ந்த இடத்திலிருந்து தொடுமுனையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் ஒரு வாரம் நன்றாக ஓடுவதுபோல் இருக்கும், பிறகு அந்த இடமும் போகும். சென்சாரை மாற்றுவதுதான் வழி.

சீரான வேகத்தில் போகும்போது வண்டி இழுத்து இழுத்து விடுகிறது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டியில் டார்க் கன்வர்ட்டர் கிளட்சை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைத்துப் பூட்டுவது) எப்போது பூட்டுவது, எப்போது விடுவிப்பது என்பதற்கும் இ.சி.எம். டி.பி.எஸ்.ஸைப் பார்க்கிறது. சிக்னல் குதித்தால் கிளட்ச் பூட்டும், விடும், மறுபடி பூட்டும். டாக்கோமீட்டர் இருந்தால் பெடல் அசையாமலேயே முள் சில நூறு ஆர்.பி.எம். ஏறி இறங்குவது தெரியும்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. பின்னால் வண்டிகள் இல்லாத சாலையில், அந்த இழுப்பு வரும் வேகத்திலேயே பிரேக் பெடலை இடது காலால் லேசாகத் தொடுங்கள். பிரேக் பிடிக்கக் கூடாது, பிரேக் லைட் ஸ்விட்ச் வேலை செய்தால் போதும். அந்த ஸ்விட்ச் கன்வர்ட்டர் கிளட்சை விடுவித்துவிடும். இழுப்பு நின்றால் கோளாறு கிளட்ச் பூட்டும் பக்கத்தில்: டி.பி.எஸ்., அதன் வயரிங், அல்லது பூட்டியிருக்கும்போது மட்டும் உணர முடிகிற மிஸ்ஸிங். நிற்காமல் தொடர்ந்தால் பெட்ரோல் கலவை அல்லது இக்னிஷன் பக்கம் போங்கள்.

அதோடு, சாவி ஆனில் த்ராட்டிலை அரை அங்குலம் திறந்து பிடித்து, கனெக்டரையும் வயர்க்கட்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் சென்சார்மேல் குற்றமில்லை. கனெக்டர் முனையை இறுக்கினாலோ மாற்றினாலோ வேலை முடிந்தது.

முழுதாக மிதித்தாலும் பவர் இல்லை

உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் பக்கத்தில் நின்று கையால் திறந்து பார்ப்பது இதற்கு உதவாது. கையால் திறந்தால் எப்போதும் முழுதாகத் திறக்கும். பெடலில் 3.2 வோல்ட், கையால் 4.5 வோல்ட் என்று வந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடிந்து கிடக்கிறது. சென்சாருக்கு இதில் சம்பந்தமில்லை. இரண்டிலும் குறைவாக இருந்து, ஐட்லிங் அளவும் குறைவு என்றால் அட்ஜஸ்ட்மென்ட் தேவை. ஐட்லிங் சரி, மேலே மட்டும் ஏறவில்லை என்றால் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது தவறான சென்சார் போடப்பட்டிருக்கலாம்.

முழு மிதியில் இ.சி.எம். ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கலவையைக் கெட்டியாக்கும், அதாவது பெட்ரோலைக் கூட்டும். டி.பி.எஸ். அந்த எல்லையைத் தொடவில்லை என்றால் கணினி இன்னும் சிக்கனக் கலவையையே பிடித்துக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் வண்டி முனகும்.

கறுப்புப் புகை, பெட்ரோல் தண்ணீராகப் போகிறது

சிக்னல் எப்போதும் அதிகமாக இருந்தால் கணினி ஓயாமல் கெட்டிக் கலவை தரும், இது உண்மைதான். ஆனால் ஃப்ளோட் மட்டம் ஏறியிருப்பது, சோக் திறக்காமல் நிற்பது, மீட்டரிங் சோலினாய்டின் கனெக்டர் கழன்றிருப்பது ஆகியவையும் இதே புகையைத்தான் கொடுக்கும். யார் கெட்டியாக்குகிறார்கள் என்று சொல்ல ட்வெல் மீட்டர் இருக்கிறது: சோலினாய்டு எவ்வளவு நேரம் கீழே பிடிக்கப்படுகிறது என்பதை டிகிரியில் காட்டும் கருவி.

கார்புரேட்டர் அருகில் எதிலும் மாட்டாமல் தொங்கும் பச்சை நிறக் கனெக்டரில் ட்வெல் மீட்டரை இணைத்து, இன்ஜின் எத்தனை சிலிண்டரானாலும் 6 சிலிண்டர் ஸ்கேலில் வையுங்கள். சோலினாய்டு கீழே பிடிக்கப்பட்டிருக்கும்போது கலவை மெலிதாகும். விட்டால் ஸ்பிரிங் மேலே தள்ளிக் கெட்டியாகும். 60 டிகிரி என்றால் முழுநேரமும் பிடித்திருக்கிறது. நன்றாகச் சூடான இன்ஜினில் எண் 30-ஐச் சுற்றி இடைவிடாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். 50-க்கு மேல் போய் நின்றால், கலவை கெட்டி என்று உணர்ந்து கணினி அதை மெலிதாக்கப் போராடுகிறது: ஃப்ளோட்டைப் பாருங்கள், டி.பி.எஸ்.ஸை விடுங்கள். 10-க்குக் கீழே போய் அசையாமல் நின்று, புகையும் கறுப்பாக வந்தால், கெட்டியாக்கச் சொல்வதே கணினிதான்: இப்போது டி.பி.எஸ். சிக்னல்மேல் சந்தேகப்படுவது நியாயம்.

ட்வெல் மீட்டர் கிடைக்காதவர்கள் மல்டிமீட்டரின் ட்யூட்டி சைக்கிள் அளவில் பார்க்கலாம். 10 சதவீதத்துக்கு 6 டிகிரி. 50 சதவீதம் என்றால் 30 டிகிரி. ஒரு பொறி: சில மீட்டர்கள் வோல்ட்டேஜ் இருக்கும் நேரத்தைக் காட்டும், நமக்கு வேண்டியது எர்த்தாகும் நேரம். சோலினாய்டு கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, பச்சை முனையை ஒரு கணம் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். மீட்டர் 100 காட்டினால் நேராகப் படிக்கலாம், 0 காட்டினால் 100-லிருந்து கழித்துப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவை விடும்போதும் ஐட்லிங் வோல்ட்டேஜ் வேறு வேறாக வருகிறது

0.48, அடுத்த முறை 0.61, அடுத்தது 0.53. இப்படி ஆடும் சென்சாரை அட்ஜஸ்ட் செய்வது நேர விரயம். முதலில் த்ராட்டில் உண்மையிலேயே ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா பாருங்கள்: ரிட்டர்ன் ஸ்பிரிங், கேபிள், ஷாஃப்ட் துளையின் தேய்மானம். ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் எண் மாறுகிறது என்றால் துளை தேய்ந்திருக்கிறது. அதற்குப் புஷ் போட வேண்டும். த்ராட்டில் ஒழுங்காகத் திரும்பியும் எண் ஆடினால், பம்ப் லீவருக்கு அடியில் இருக்கும் சென்சார் தண்டை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். அது துள்ளி எழ வேண்டும். சோம்பலாக எழுந்தால் சீலில் பிசுக்கு. கார்புரேட்டர் கிளீனரைத் தாராளமாக அடிக்க வேண்டாம்; சீல் வீங்கிவிடும். துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

அட்ஜஸ்ட் செய்யும் முறை

மேல்மூடியில் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை ஒரு சிறு அலுமினிய அடைப்பு மூடியிருக்கும். யாரும் திருகக் கூடாதென்று கம்பெனியிலேயே அடித்து மூடியது. எண்ணும் சரி, ஏற்றமும் சீர் என்றால் அதை எடுக்கவே வேண்டாம்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால், கார்புரேட்டரின் வாயைத் துணியால் முழுதாக அடையுங்கள். அலுமினியத் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் தொல்லைதான். 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அடைப்பின் நடுவே 1.5 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் துளையிடுங்கள். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் தலை சிதையும். மின்சார டிரில் வேண்டாம். அதன் பிரஷ்களில் பொறி பறக்கும், கீழே பெட்ரோல் ஆவி. கையால் சுற்றும் டிரில்லே போதும். துளையில் அரை அங்குல நீளமுள்ள 8-ஆம் நம்பர் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்று ஏற்றி, அகலமான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அடைப்பு கையோடு வரும்.

மீட்டரை பி, சி முனைகளில் மாட்டுங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், ஏ.சி. ஆஃப், சோக் திறந்து ஃபாஸ்ட் ஐடில் கேம் கீழே. ஐடிலை மோட்டாரால் கட்டுப்படுத்தும் வண்டி என்றால் அந்த மோட்டாரின் முனை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் மேனுவல் சொல்லும். த்ராட்டில் அதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறது, ஆகவே அதைத் தவிர்க்க முடியாது. ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் திருப்பி எண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், பிறகு அந்தப் போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. எண் வந்ததும் த்ராட்டிலைப் பாதி திறந்து விட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறை ஒரே எண் வந்தால்தான் கணக்கு. 0.48-ஐத் தேடி 0.50-ல் நின்றால் அதற்காக ஒரு மணி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, 0.70-ல் நின்றால் விடக் கூடாது.

பிறகு முழு மிதி அளவையும் பெடலிலிருந்து ஒருமுறை பாருங்கள். கீழே சரியாக வைத்தும் மேலே 4-ஐத் தொடாத சென்சார் வேண்டாம். எல்லாம் ஒத்துவந்தால் புது அடைப்பை, குழிந்த பக்கம் வெளியே தெரியும்படி, மூடியோடு சமமாக அடியுங்கள். அடைப்பு கிடைக்கவில்லையென்றால் ஆர்.டி.வி. சிலிகான் சீலன்ட் வைத்து மூடலாம். திறந்தபடி விட்டால் அதிர்வில் ஸ்க்ரூ நகரும்.

ஸ்க்ரூவைத் திருப்பியும் எண் வரவில்லை என்றால்

சென்சார் இந்தக் கார்புரேட்டருக்கானதுதானா என்று முதலில் பாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்து தண்டின் நீளம் மாறுபடும் உருப்படிகள் உண்டு. அடுத்து பம்ப் லீவர்: அதில் இரண்டு துளை இருந்து, ராடு தப்பான துளையில் மாட்டியிருந்தால் தண்டை அழுத்தும் தூரமே மாறிவிடும். லீவரை யாராவது பம்ப் அளவுக்காக வளைத்திருந்தாலும் இதே கதை. பிறகு அடி ஸ்பிரிங். கடைசியில், மேல்மூடியைப் பொருத்தும்போது சென்சார் சாய்ந்து மாட்டியிருக்கலாம். மூடியை இறக்கும்போது பம்பையும் சென்சாரையும் ஒருசேர விரலால் அழுத்திப் பிடித்து இறக்க வேண்டும், அவசரப்பட்டால் தண்டு வளைந்துவிடும்.

சென்சாரை மாற்ற மேல்மூடியைக் கழற்றியே ஆக வேண்டும். அது குழியிலிருந்து வெளியே வராதபடி விளிம்பில் உலோகத்தைத் தட்டிவைத்திருப்பார்கள். சென்சாரை லேசாகக் கீழே அழுத்தி, தட்டிய இடத்தைச் சுரண்டி எடுத்து, கனெக்டர் பகுதியைக் கீழிருந்து விரலால் மேலே தள்ளினால் வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து துண்டு ஃப்ளோட் அறையில் விழும். புதுசைப் போட்ட பிறகு மறுபடி தட்டி நிறுத்த மறக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும்

சாவியை ஆஃப் செய்து, இ.சி.எம். ஃபியூஸைப் பத்து நொடிக்குக் குறையாமல் கழற்றி வைத்தால் பழைய கோடுகள் அழியும். சாவி ஆனில் இருக்கும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது, வோல்ட்டேஜ் எகிறி கணினி போய்விடலாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ட்வெல் ஐட்லிங்கிலும் 3,000 ஆர்.பி.எம்.மிலும் ஆடுகிறதா பாருங்கள். ஐட்லிங்கில் அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டு, லைட் திரும்ப எரியவில்லை என்று உறுதிசெய்த பிறகு சாலைக்குப் போகலாம்.

வெளியே திருகியிருக்கும் சுழல் வகை

சில கார்புரேட்டர்களில் டி.பி.எஸ். த்ராட்டில் ஷாஃப்டின் ஓரத்திலேயே இரண்டு ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும். ஸ்க்ரூத் துளைகள் நீள்வட்டம். அளக்கும் முறை அதேதான். ஸ்க்ரூக்களை உருவாமல் தளர்த்தி, உடலைச் சுழற்றி, மேனுவல் சொல்லும் எண் வந்ததும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் கொஞ்சம் சுழலும், எண் நகரும். எவ்வளவு நகர்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அடுத்த தடவை அந்த அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வைத்து இறுக்கினால் சரியாக வந்து நிற்கும். இன்னும் பழைய சிலவற்றில் உள்ளே ரெசிஸ்டர் பட்டை இல்லை, வெறும் ஸ்விட்ச்தான். அதற்கு வோல்ட் அளவு கிடையாது. ஐடில் ஸ்டாப்புக்கும் லீவருக்கும் நடுவே மேனுவல் சொல்லும் தடிமனுள்ள ஃபீலர் கேஜை வைத்து, ஓம் மீட்டரில் தொடர்பு எந்தத் தடிமனில் இருக்கிறது, எதில் அறுகிறது என்று பார்த்துத்தான் அதை நிறுத்த வேண்டும்.